குழந்தைகளைக் கொல்வது மருந்தா, மருந்தில்லாமையா?

"இந்த மாத்திரை ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுமாமே? குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருமாமே? தொடர்ந்து கொடுக்கலாமா, நிறுத்திவிடலாமா?"

அரிவாள் ரத்தசோகை என்னும் பிறவி நோயுள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தவிக்கும் எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்வி இது. அறியாமையால் கேட்கிறாள் என்று யாரும் இதைத் தள்ளிவிட வேண்டாம். பெரிய பெரிய டாக்டர்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் ஏறத்தாழ இருபது வருஷ காலம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் குழந்தைகள் மருந்தில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்த பிறகும் மருந்து குழந்தையின் கைக்கு வந்து சேரவில்லை என்றால் அதற்கு யார் பொறுப்பு என்பதே இப்போது நம் முன்னுள்ள கேள்வி.

நீலகிரியிலும் உண்டு

நம் ரத்தத்தின் சிகப்பு அணு, நடுவில் சற்றே அமுங்கிய வட்டத்தட்டுப் போன்றது. நெளிந்து கொடுத்து மயிரிழை போன்ற குழாய்களிலும் புகுந்து போகும். இந்த நோய் உள்ளவர்களுக்கு, அணுவிலுள்ள ஹீமோகுளோபின் என்ற பொருளில் ஒரே ஒரு சிறு மாறுதல் இருக்கிறது. 146 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியில் ஆறாவது கண்ணி மட்டும் மாறிவிட்டது. அவ்வளவுதான். பிராணவாயு குறையும்போது அந்த அணு கதிரறுக்கும் அரிவாளைப் போல வளைந்து விறைத்துப் போகிறது. ரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கிறது. எலும்புக்குள் ஊசி குத்துவது போன்ற வலி, கைகால் வீக்கம், பக்கவாதம் எல்லாம் இதனால் வருகின்றன. நூறு நாளுக்கு மேல் வாழவேண்டிய அணு சில வாரங்களிலேயே அழிந்துவிடுவதால் ரத்தசோகையும் தீருவதில்லை.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோயில்லை. மாறாக, மலேரியாக் காய்ச்சலிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா கொன்று குவித்த காட்டுப் பிரதேசங்களில் இந்தக் குறை தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றதற்குக் காரணம் இதுவே. ஆனால் நோயே வந்துவிட்ட குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு உதவாது. அதற்கு மலேரியா வந்தால் மற்றக் குழந்தைகளைவிட அதிக ஆபத்து.

இது ஏதோ ஆப்பிரிக்க நாட்டு வியாதி என்று நினைப்பவர்கள் உண்டு. 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரு விஞ்ஞானிகள் இந்தியாவில் இதை எங்கே கண்டார்கள் தெரியுமா? நம் நீலகிரி மலை ஆதிவாசிகளின் ரத்தத்தில்! அதே வருஷத்தில் மேல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் இந்த நோய் இருப்பது பத்திரிகைகளில் வெளிவந்தது. கூடலூர், வயநாடு, அட்டப்பாடி தொடங்கி விதர்பம், சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம், குஜராத் வரை இந்நோய் பரவிக் கிடக்கிறது. எங்கே காடும் மலையும் உண்டோ, எங்கே கூலி குறைவோ, எங்கே ஆஸ்பத்திரி தூரமோ, அங்கே இந்த நோய் இருக்கிறது.

2021ல் உலகில் சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் குழந்தைகள் இந்நோயுடன் பிறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பிறந்தவை.

காவல்காரன் செத்த வீடு

இந்தக் குழந்தைகளைச் சிறு வயதில் கொல்வது எது? வலியா, ரத்தசோகையா? பெரும்பாலும் கிருமிகள்தான்.

நம் வயிற்றின் இடது பக்கம் விலாவுக்கு அடியில் மண்ணீரல் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் புகுந்த கிருமிகளை வடிகட்டிப் பிடிக்கும் காவல்காரன் அது. அரிவாள் அணுக்கள் அதன் நுண்ணிய குழாய்களை அடைத்து, குழந்தைக்கு இரண்டு மூன்று வயது ஆவதற்குள்ளாகவே அதைப் பெரும்பாலும் செயலற்றதாக்கிவிடுகின்றன. காவல்காரன் செத்த வீட்டில் திருடன் சுலபமாகப் புகுந்துவிடுகிறான். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி காலையில் ரத்தத்தில் புகுந்தால் மாலைக்குள் குழந்தை போய்விடக் கூடும். மற்றக் குழந்தைக்கு வரும் சாதாரணக் காய்ச்சல் வேறு, இந்தக் குழந்தைக்கு வரும் காய்ச்சல் வேறு. 101 டிகிரியைத் தாண்டினால் அது அவசர நிலை. கஷாயம் கொடுத்து ஒரு ராத்திரி பார்க்கலாம் என்று இருந்துவிட முடியாது.

இதற்குத் தடுப்பு என்ன? விலையுயர்ந்த ஏதோ வெளிநாட்டு மருந்தா? இல்லை. பென்சிலின்! 1928ல் கண்டுபிடித்த அதே பென்சிலின். அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட 215 குழந்தைகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தினம் இரண்டு வேளை பென்சிலின் மாத்திரையும் மறு பகுதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1986ல் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை தின்ற 110 குழந்தைகளில் 13 பேருக்கு ரத்தத்தில் கிருமி புகுந்தது. 3 பேர் இறந்தார்கள். பென்சிலின் தின்ற 105 பேரில் இருவருக்கு மட்டுமே கிருமி புகுந்தது, ஒருவரும் சாகவில்லை. இனியும் வெறும் மாத்திரை கொடுப்பது பாவம் என்று குறித்த காலத்துக்கு 8 மாதம் முன்னதாகவே சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

பயந்தது நியாயம், முடங்கியது அநியாயம்

இனித் தாய் கேட்ட மாத்திரைக்கு வருவோம். அதன் பெயர் ஹைட்ராக்ஸியூரியா. 1869லேயே ஜெர்மனியில் தயாரித்த ரசாயனப் பொருள். புற்றுநோய்க்கு மருந்தாக 1960களில் வழக்கத்துக்கு வந்தது. யாருடைய தனியுடைமையும் அல்ல. நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன.

தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவின் ரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது. அது அரிவாளாக வளைய விடாது. பிறந்த சில மாதங்களில் உடம்பு அதை உண்டாக்குவதை நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தியதை மீண்டும் ஓரளவு தொடங்க வைக்கிறது ஹைட்ராக்ஸியூரியா. 299 பெரியவர்களிடம் நடத்திய சோதனையில் வலி வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 1995ல் தெரிந்துவிட்டது. 1998ல் அமெரிக்க சர்க்கார் பெரியவர்களுக்கு அனுமதித்தது.

குழந்தைகளுக்கு? அங்கேதான் தயக்கம் வந்தது. எலும்பு மஜ்ஜையின் வேலையை இந்த மருந்து சற்று அடக்குகிறது. வெள்ளை அணுக்கள் குறைகின்றன. கிருமியோடு போராடும் சிப்பாய்களே வெள்ளை அணுக்கள்தானே? மண்ணீரல் ஏற்கனவே போய்விட்ட குழந்தைக்குச் சிப்பாய்களையும் குறைத்தால் என்னாகும்? மலேரியா நாட்டில், காலரா நாட்டில், சோறு போதாத குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா?

இந்தப் பயம் நியாயமானது. அளவு பார்க்காமல், ரத்தம் சோதிக்காமல் கொடுத்தால் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதும் உண்மையே. ஆனால் பயம் வந்தால் சோதித்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்வதல்லவா விஞ்ஞானம்? பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்குச் சோதனை நடந்தது. நோயாளிக் குழந்தைகளில் பெரும்பகுதி பிறக்கும் ஆப்பிரிக்காவுக்குச் சோதனை போய்ச் சேர இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதுவரையில் "உங்கள் ஊருக்கு இது ஆபத்து" என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்தது.

எண்ணிப் பார்த்தபோது

முதலில் அமெரிக்கா. ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள 193 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2011ல் வந்தது. வெறும் மருந்து பெற்ற பகுதியில் 375 தடவை வலி வந்தது. ஹைட்ராக்ஸியூரியா பெற்ற பகுதியில் 177 தடவை. கைகால் வீக்கம் 123லிருந்து 24 ஆகக் குறைந்தது. வெள்ளை அணுக்கள் சிலருக்குக் குறையத்தான் செய்தன. ஆனால் ரத்தத்தில் கிருமி புகுவது அதிகமாகவில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: மண்ணீரலைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்தார்கள், அது நிரூபணமாகவில்லை. ஆகவே இந்த மருந்து சாப்பிடும் சிறு குழந்தைக்குப் பென்சிலினை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அது தவறு.

பிறகு ஆப்பிரிக்கா. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் முலாகோ ஆஸ்பத்திரியில், மலேரியா உள்ள அந்த நாட்டிலேயே, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள 208 குழந்தைகளை இரு பகுதியாக்கிச் சோதித்தார்கள். 2017ல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு மலேரியா அதிகமாகவில்லை.

அடுத்தது அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளில், ஒன்று முதல் பத்து வயது வரையுள்ள 606 குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆராய்ச்சி. 2019ல் அச்சாகி வெளிவந்த அதன் கணக்கைத் தோழர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். 100 குழந்தைகளை ஒரு வருஷம் கவனித்தால் என்ன நடக்கும் என்ற கணக்கு இது.

மலேரியா: மருந்துக்கு முன் 47 தடவை, மருந்துக்குப் பின் 23.
மற்றத் தொற்று நோய்கள்: முன் 142, பின் 90.
வலி: முன் 98, பின் 45.
ரத்தம் ஏற்றியது: முன் 43, பின் 14.
மரணம்: முன் 3.6, பின் 1.1.

எதைப் பற்றிப் பயந்தார்களோ அது நடக்கவில்லை. அதற்கு நேர் எதிரானதே நடந்தது! காய்ச்சல் கூடும் என்றார்கள், குறைந்தது. மலேரியா கொல்லும் என்றார்கள், பாதியாயிற்று.

இதில் வெறும் மருந்து பெற்ற பகுதி கிடையாது. அதே குழந்தைகளின் முன்நிலையோடு ஒப்பிட்ட கணக்குத்தான் என்பது வாஸ்தவம். மருந்தோடு ரத்தப் பரிசோதனையும் டாக்டரின் கண்காணிப்பும் சேர்ந்தே கிடைத்தன என்பதும் வாஸ்தவம். இந்த இரண்டாவது விஷயத்தை நாம் மறக்கவே கூடாது. மருந்துப் புட்டியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் போதும் என்று இந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. கண்காணிப்போடு கொடு, குழந்தை பிழைக்கும் என்றே சொல்கிறது.

அமெரிக்க சர்க்கார் குழந்தைகளுக்கு இம்மருந்தை முறைப்படி அனுமதித்தது 2017ல். பெரியவர்களுக்கு அனுமதித்து 19 வருஷங்களுக்குப் பிறகு!

விலை உயர்ந்த அவசரம்

மலிவான மருந்துக்கு இத்தனை நிதானம் காட்டிய அதே உலகம், விலையுயர்ந்த மருந்துக்கு எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

வாக்ஸலோட்டர் என்ற புதிய மாத்திரையை 2019ல் அமெரிக்க சர்க்கார் துரித முறையில் அனுமதித்தது. எதை வைத்து? ஹீமோகுளோபின் அளவு உயர்கிறது என்பதை வைத்து. குழந்தை நெடுநாள் வாழ்கிறதா, வலி குறைகிறதா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல் விலை. 2021ல் நான்கு வயதுக் குழந்தை வரைக்கும் அனுமதி நீண்டது. 2022ல் ஃபைசர் கம்பெனி இந்த மருந்தின் உரிமையாளரான கம்பெனியை 540 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

பிறகு நடந்தது என்ன? இரண்டு முதல் 15 வயது வரையுள்ள 236 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து பெற்ற பகுதியில் 8 பேர் இறந்தார்கள். வெறும் மருந்து பெற்ற பகுதியில் 2 பேர். இறந்தவர்களில் மலேரியா முதலிய தொற்று நோய்க்கு ஆளானவர்களும் உண்டு. 2024 செப்டம்பரில் அந்தக் கம்பெனி உலகம் முழுவதும் மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தக் கணக்கை வைத்து மருந்துதான் அத்தனை பேரையும் கொன்றது என்று நாம் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். மலேரியா நாட்டுக் குழந்தைக்கு இது தாங்குமா என்ற கேள்வியை, லாபம் தரும் மருந்து விஷயத்தில் சந்தைக்கு வந்த பிறகே கேட்டிருக்கிறார்கள். லாபம் தராத மருந்து விஷயத்தில் அதே கேள்வியைச் சாக்காக வைத்து இருபது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சைகள் இரண்டு. ஒன்றுக்கு 22 லட்சம் டாலர், மற்றதற்கு 31 லட்சம் டாலர் விலை வைத்தார்கள். விஞ்ஞானத்தின் பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பந்தலூர் மலையிலே கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது நிலாவில் வைத்த சோறு.

நம் நாட்டில் நிலைமை என்ன?

2023 ஜூலை 1ந் தேதி மத்தியப் பிரதேசம் ஷாடோலில் பிரதம மந்திரி ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 2047க்குள் அரிவாள் ரத்தசோகையை ஒழிப்பது லட்சியம். 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது திட்டம். 2025 நடுவில் 6 கோடிக்கு மேல் பரிசோதித்தாயிற்று என்றும், 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயாளிகள் என்றும் சர்க்கார் கணக்குச் சொல்கிறது.

பரிசோதனை தேவைதான். நாம் அதைக் குறை சொல்லவில்லை. பரிசோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் அட்டைகளைப் பொருத்திப் பாருங்கள் என்று புத்தி சொல்கிறார்கள். சரி, இனிப் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிய யோசனை அது. ஏற்கனவே பிறந்துவிட்ட குழந்தைக்கு என்ன வழி? அட்டையைக் கரைத்துக் குடித்தால் காய்ச்சல் இறங்குமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று சில கேள்விகள் கேட்போம். இரண்டு வேளைப் பென்சிலின் மாத்திரை இங்கே வருஷம் பூராவும் இருக்கிறதா? பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஹைட்ராக்ஸியூரியா நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் காப்ஸ்யூலோ 500 மில்லிகிராம். அதைத் தாய் எப்படிப் பங்கு போடுவாள்? வெள்ளை அணு எண்ண ரத்தம் எடுக்கிறார்களா, அல்லது ஜில்லா தலைநகருக்குப் போ என்கிறார்களா? போனால் பஸ் செலவு. ஒரு நாள் கூலி நஷ்டம். கூட வரும் தகப்பனுக்கும் நஷ்டம். மாதா மாதம் இதைத் தாங்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? பாதியில் மருந்தை நிறுத்தினால் "ஆதிவாசிகளுக்கு அக்கறையில்லை" என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள். அக்கறை இல்லாதது யாருக்கு?

பென்சிலினைப் பற்றி இன்னொரு விஷயம். 1954ல் பூனா அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறைத் தொழிற்சாலையை நிறுவினோம். ஏழைக்கும் பென்சிலின் கிடைக்க வேண்டும், அந்நியக் கம்பெனியிடம் கையேந்தக் கூடாது என்பதே நோக்கம். பின்னாளில் பொதுத்துறையை நலியவிட்டார்கள். மலிவான இறக்குமதிச் சரக்கு வந்து குவிந்தது. பென்சிலினுக்கான மூலப்பொருளையே வெளிநாட்டிலிருந்து வாங்கும் நிலை வந்தது. இன்று சொந்த உற்பத்தி வேண்டும் என்று மறுபடி பேசுகிறார்கள். இருந்ததைத் தொலைத்தது யார்?

நம் நாட்டில் முடியாத காரியமும் அல்ல இது. குறைந்த அளவே கொடுத்தாலும் நம் குழந்தைகளுக்கு ஹைட்ராக்ஸியூரியா நன்றாக வேலை செய்கிறது என்பதை நாக்பூர் அரசாங்க மருத்துவக் கல்லூரி டாக்டர்களே காட்டியிருக்கிறார்கள். ஹிப் கிருமியைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நிமோகாக்கஸ் தடுப்பூசியும் 2021 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாக வந்துவிட்டது. மனம் வைத்தால் மலை உச்சிக்கும் மருந்து போகும் என்பதற்கு இவையே சாட்சி.

கேட்டால்தான் கிடைக்கும்

இந்த நோயை 1910லேயே சிகாகோ நகரத்து டாக்டர் ஒருவர் மருத்துவப் பத்திரிகையில் எழுதிவிட்டார். அது கறுப்பு மக்களின் நோயாக இருந்ததால் அறுபது வருஷம் அமெரிக்க சர்க்கார் அதைச் சீந்தவில்லை. 1971ல் பிளாக் பாந்தர் கட்சியினர் தாங்களே தெருவில் இறங்கி ரத்தப் பரிசோதனை நடத்தத் தொடங்கினார்கள். மறு வருஷம், 1972ல், சட்டம் வந்தது. மேலிருந்து தானாக இறங்கி வந்த கருணை அல்ல அது.

நாம் கேட்க வேண்டியவை இவை:

1. நோய் உள்ள பகுதிகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலிருந்தும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பிறந்த உடனேயே சோதிக்க வேண்டும். காவல்காரன் சாவதற்கு முன்னால் தெரிந்தால்தான் பென்சிலின் பயன்படும்.

2. ஐந்து வயது வரை இரண்டு வேளைப் பென்சிலின், தடையின்றி, வீட்டருகிலேயே கிடைக்க வேண்டும். சாதாரணத் தடுப்பூசிகளோடு, இரண்டு வயதில் போட வேண்டிய கூடுதல் நிமோகாக்கஸ் ஊசியும் இலவசமாகப் போட வேண்டும்.

3. ஹைட்ராக்ஸியூரியாவைக் குழந்தைகள் சாப்பிடக்கூடிய அளவிலும் வடிவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க வேண்டும். வெள்ளை அணு எண்ணும் வசதியும் அங்கேயே வேண்டும்.

4. காய்ச்சலோடு வரும் இந்தக் குழந்தையை வரிசையில் நிறுத்தக் கூடாது. முதல் மணி நேரத்தில் முதல் ஊசி. அதற்குரிய மருந்தும், போடத் தெரிந்த நர்ஸும், மேல் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியும் ராத்திரியிலும் தயாராக இருக்க வேண்டும்.

5. ரத்தப் பரிசோதனைக்குக் குழந்தையை அழைத்துவரும் தாய்க்கு அன்றைய கூலியும் பஸ் செலவும் கொடுக்க வேண்டும்.

6. எத்தனை கோடி பேரைச் சோதித்தோம் என்ற கணக்கோடு, எத்தனை குழந்தைகள் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறார்கள், எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்ற கணக்கையும் வருஷந்தோறும் ஜில்லா வாரியாக வெளியிட வேண்டும்.

இவற்றில் எது நடக்காத காரியம்? எதற்கு 22 லட்சம் டாலர் வேண்டும்?

கடைசியாக, அந்தத் தாய்க்குப் பதில் சொல்லிவிடுவோம். அம்மா, மருந்தை நீயாக நிறுத்தாதே. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதே. குறித்த நாளில் ரத்தம் சோதித்துக்கொள். பென்சிலினையும் விடாதே. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் பயம் நியாயமானது. எண்ணிப் பார்த்தவர்கள் அந்தப் பயத்தைத் தீர்த்துவிட்டார்கள்.

நீ ஓடிவரும்போது ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே மருந்தும் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது, இந்நாட்டில் உழைத்து வாழும் ஒவ்வொருவருடையது.